டேப்லெட்ட மூடிட்டு புஸ்தகத்த தொறந்த ஊரு: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயந்தான். ஸ்வீடன்ல ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட இருந்து டேப்லெட்ட வாங்கி வச்சிட்டு மறுபடி புஸ்தகம் குடுக்குறாங்கன்னு ஒரு வீடியோ எல்லார் ஃபோன்லயும் சுத்திட்டு இருக்கு போல, புஸ்தகத்த பத்தின செய்திய எல்லாரும் ஃபோன்லதான் பாத்துருக்கீங்க, சரி இருக்கட்டும். 30 வருஷம் கிளை நூலகத்துல குப்பை கொட்டினவன்ங்குறதால எனக்கும் இதுல கொஞ்சம் வாய் நீளம். மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: ஐயா, ஸ்வீடன்ல டேப்லெட்டையே தடை பண்ணிட்டாங்களாமே, நெசமா? எங்க வீட்டுக்காரர் அந்த வீடியோவ காட்டியே பையன் ஃபோன புடுங்கி பீரோல வச்சு பூட்டிட்டார்.
— ஒரு அம்மா, கரூர்

பதில்: பாதி நெசம்மா. தடைன்னு ஒண்ணும் கெடையாது, இன்னிக்கும் அங்க பெரிய வகுப்புல கம்ப்யூட்டர் இருக்கு. நடந்தது என்னன்னா, 2010க்கு அப்புறம் ஊருக்கு ஊரு ஸ்கூல்ல ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு டேப்லெட்னு குடுக்க ஆரம்பிச்சாங்க, அது ஒரு பெருமையாவே ஆயிடுச்சு. 2019ல இன்னும் ஒரு படி மேல போய் பாலர் பள்ளி பாடத்திட்டத்துலயே டிஜிட்டல் கருவி கட்டாயம்னு எழுதிட்டாங்க, அதாவது இன்னும் மூக்கு சிந்த தெரியாத கொழந்தைக்கும் டேப்லெட். 2022 கடைசியில ஆட்சி மாறுச்சு, லோட்டா எட்ஹோல்ம்னு ஒரு அம்மா பள்ளி அமைச்சரா வந்தாங்க, வந்ததுலேர்ந்தே இத யாரும் சரியா சோதிச்சு பாக்காம பண்ணிட்டீங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க. 2023 மே மாசம் நாலாங்கிளாஸ் பிள்ளைங்க வாசிப்புத் திறன சோதிக்கிற பிர்ல்ஸ்ங்குற உலகத் தேர்வோட ரிசல்ட் வந்துச்சு. 2016ல 555 எடுத்த ஸ்வீடன் 2021 தேர்வுல 544. அது ஒண்ணும் மோசமான மார்க் இல்ல, ஆனா எப்பவும் நல்லா படிக்கிற பிள்ளைக்கு மார்க் கொறஞ்சா வீட்ல என்ன நடக்கும், அதான் அங்கயும் நடந்துச்சு. மருத்துவத்துக்கு நோபல் பரிசு யாருக்குன்னு முடிவு பண்ற கரோலின்ஸ்கா நிறுவனமும், சின்ன பிள்ளைங்களுக்கு அச்சுப் புஸ்தகமும் வாத்தியாரோட அனுபவமும்தான் முக்கியம்ங்குற மாதிரி கருத்து சொல்லிச்சு.

அப்புறம் பாலர் பள்ளி கட்டாயத்த எடுத்தாங்க, புஸ்தகம் வாங்க மட்டும் 2023ல 68.5 கோடி குரோனா, 2024லயும் 2025லயும் வருஷத்துக்கு 50 கோடி குரோனான்னு ஒதுக்குனாங்க, மொத வருஷத்து காசே நம்ம ரூபாயில 500 கோடிக்கு மேல வரும். 2024 ஜூலைல சட்டத்துலயே பிள்ளைக்கு பாடப்புத்தகம் கெடைக்கணும்னு எழுதிட்டாங்க. இத சட்டம் போட்டு சொல்ல வேண்டிய நெலம வந்துருச்சு பாருங்க, அங்க ஸ்கூல்ங்க புக்கு வாங்குறதயே கொறச்சுட்டு ஜெராக்ஸும் லிங்க்குமா ஓட்டிட்டு இருந்துருக்கு, உண்மையான வியாதி அதுதான்னு எனக்குப் படுது.

உங்க வீட்டுக்காரர் பண்ணது சரியா தப்பான்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஸ்வீடன்காரன் ஒரு கையால வாங்கினப்ப இன்னொரு கையால புக்க நீட்டுனான், இவர் எத நீட்டுனார்னு கேட்டுப் பாருங்க.

கேள்வி: ஸ்வீடன் மட்டும்தானா, இல்ல வேற யாராச்சும்?
— வாசகர், சேலம்

பதில்: பின்லாந்துல ரீஹிமாகின்னு ஒரு சின்ன ஊரு, 2018லேர்ந்து அங்க ஸ்கூல்ல பெரும்பாலும் புக்கே இல்லாம லேப்டாப்லதான் ஓட்டிட்டு இருந்தாங்க, 2024ல புக்குக்கு திரும்பிட்டாங்க. யுனெஸ்கோவும் 2023 கல்வி அறிக்கைய முழுக்க முழுக்க இதுக்கே ஒதுக்கி, ஸ்கூல்ல டெக்னாலஜி வேணும்தான், ஆனா அது யார் சொல்படி யாருக்காக வருதுன்னு கேளுங்கன்னு சொல்லுச்சு.

கேள்வி: சார், நான் அரசுப் பள்ளி ஆசிரியர். இந்த செய்தி வந்ததுலேர்ந்து எங்க பிரெண்ட்ஸ் க்ரூப்ல ஒரே சண்டை, ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் வேஸ்ட், தூக்கிப் போடுங்கன்னு ஒரு கோஷ்டி, அதெல்லாம் முடியாதுன்னு ஒரு கோஷ்டி. நீங்க எந்தப் பக்கம்?
— திருவண்ணாமலை பக்கத்துலேர்ந்து

பதில்: நான் ரெண்டு பக்கமும் இல்ல சார். திரும்பி வரணும்னா மொதல்ல போயிருக்கணும்ல? நம்ம அரசுப் பள்ளியில புக்க விட்டு யாரும் போகவே இல்லயே. ஜூன்ல ஸ்கூல் தொறக்குறப்ப பிள்ளைங்க கையில விலையில்லா பாடப்புத்தகம் வந்துருது, புதுப் புஸ்தகத்தோட அந்த பசை வாசன உங்களுக்கு தெரியாததா. 2011லேர்ந்து பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு லேப்டாப் குடுத்தாங்க, 2019ல கல்வித் தொலைக்காட்சி வந்துச்சு, ஆனா புக்க நிறுத்திட்டு இத வச்சுக்கோன்னு எவரும் சொல்லல. 2018ல வந்த புதுப் பாடப்புத்தகத்துல க்யூ.ஆர். கோட் போட்டாங்க பாருங்க, எனக்கு புடிச்ச ஏற்பாடு அதுதான், இதயம் எப்டி ரத்தத்த தள்ளுதுன்னு வீடியோல பாத்துட்டு மறுபடி அதே பக்கத்துக்கு வந்துடலாம், புக்குதான் வீடு, ஃபோன் ஜன்னல் மாதிரி. ஸ்வீடன் வீட்ட இடிச்சிட்டு ஜன்னல மட்டும் வச்சுக்கிட்டுது, அந்த பயத்துல நாம ஜன்னல அடைக்கணுமா என்ன. க்ரூப்ல இத போட்டு சண்டைய இன்னும் பெருசாக்கிடாதீங்க.

கேள்வி: அண்ணா, என் பொண்ணு மூணாங்கிளாஸ், பிரைவேட் ஸ்கூல். டெய்லி ராத்திரி ஒம்பது மணி வாக்குல வாட்ஸப் க்ரூப்ல போர்டு போட்டோ வரும், அதப் பாத்து நோட்ல எழுதணும். வர்க் ஷீட்டும் பி.டி.எஃப்.தான். ஃபோன் குடுக்காதீங்கன்னு பேரன்ட்ஸ் மீட்டிங்ல அவங்களே அட்வைஸ் பண்றாங்க. என்ன பண்றது?
— தனியார் கம்பெனி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, என் பேத்தி ஸ்கூல்லயும் இதே கூத்துதான், ஸ்கூல் பேர் வேணாம், எல்லா ஊர்லயும் இருக்குற ஸ்கூல்தான் அது. பிள்ள தூங்கப் போற நேரத்துக்கு டிங்குன்னு ஒரு சத்தம், எம் மருமக அடுப்புல இருந்து ஓடி வரும், போட்டோவ பெருசு பண்ணி பாத்தா போர்டுல பாதி டீச்சரோட சேல மறைச்சிருக்கும், அத கண்டுபுடிக்க வேற நாலு அம்மாவுக்கு ஃபோன், இதுல பிள்ள படிச்சது என்ன? போட்டோவ பாத்து எழுதினது அம்மாதான், கீழ பிள்ள பேர போட்டுச்சு.

வாட்ஸப் ஹோம்வொர்க் கொரோனா காலத்துல வேற வழி இல்லாம வந்தது, அப்ப அது பெரிய ஒதவிதான், நான் மறுக்கல. ஆனா வெள்ளம் வந்தப்ப போட்ட பரிசல, வெள்ளம் வடிஞ்சப்புறமும் ரோட்டுல இழுத்துட்டு போற மாதிரி இருக்கு இது. ஸ்கூலுக்கும் வசதி, டைரி செக் பண்ண வேணாம், அச்சடிக்கிற காசு மிச்சம், அந்தக் காசு நம்ம தலையில ஜெராக்ஸ் கட செலவா வந்து விழுது.

நாங்க பண்ணத சொல்றேன், உங்களுக்கு ஒத்து வந்தா பாருங்க. தனியா போய் கேட்டா ஒங்க பிள்ளைக்கு மட்டும்தான் சார் ப்ராப்ளம்னு சொல்லுவாங்க, அதனால பன்னெண்டு பதிமூணு வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரே பேப்பர்ல கையெழுத்து போட்டு குடுத்தோம். ஹோம்வொர்க்க கிளாஸ்லயே பிள்ளையே டைரியில எழுதிக்கணும், க்ரூப்ல லீவு நியூஸும் ஃபீஸ் நியூஸும் மட்டும் வரட்டும், அவ்ளோதான் கேட்டது. மொதல்ல மொகத்த தூக்கி வச்சுக்கிட்டாங்க, அப்புறம் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் சரின்னாங்க. இப்ப என் பேத்தி டைரியில 'பக்கம் 42 எழுதவும்'ங்குறத 'பக்கம் 24'ன்னு எழுதிட்டு வந்து தப்பான பாடத்த எழுதிட்டு போகுது, போகட்டும், அது தப்பு அதோட தப்பு. ஒங்க பொண்ணு மூணாங்கிளாஸ்ங்குறீங்க, ஒண்ணு ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க இருக்குற வீடுன்னா இன்னும் ஒண்ணு சொல்லுவேன், 2018லயே சென்னை ஹைகோர்ட் அந்த வகுப்புகளுக்கு ஹோம்வொர்க்கே குடுக்கக்கூடாதுன்னு சொல்லிருக்கு.

கேள்வி: யூகேஜி பையனுக்கு டேப்லெட்ல வெரலால அ ஆ தேச்சு எழுத சொல்லித் தர்ற ஆப் நல்லதா கெட்டதா?
— வாசகி, விருதுநகர்

பதில்: விஜயதசமி அன்னிக்கு தட்டுல அரிசி பரப்பி பிள்ள வெரல புடிச்சு எழுத வைக்கிறோம்ல, அதுவும் தேய்க்கிறதுதானே, அதனால நானும் முழுசா வேணாம்னு சொல்ல மாட்டேன். நார்வேல ட்ரோன்ஹைம் பல்கலைக்கழகத்துல 36 மாணவர்கள் தலையில 256 சென்சார் வச்ச தொப்பிய மாட்டி, கையால எழுதுறப்பவும் கீபோர்ட்ல தட்டுறப்பவும் மூளையில என்ன நடக்குதுன்னு பாத்தாங்க, 2024ல வெளிவந்துச்சு. எழுதுறப்ப மூளையோட பகுதிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறது ரொம்ப ஜாஸ்தி, தட்டுறப்ப அந்த அளவு இல்ல. இதுல வேடிக்க என்னன்னா அவங்க எழுதுனது காகிதத்துல இல்ல, திரை மேல டிஜிட்டல் பேனாவால. ஆக விஷயம் கை வளைஞ்சு நெளிஞ்சு எழுத்த செய்யுறதுலதான் இருக்கு. அவங்க எல்லாம் காலேஜ் பிள்ளைங்க, உங்க பையனுக்கு அப்டியே ஒட்டாது. என் கேள்வி வேற, வெரல் கண்ணாடியில வழுக்கிட்டு போகுது, சிலேட்டு குச்சி கீச்சுனு சத்தம் போட்டு தடுக்குது, அழுத்தமா எழுதினா ஒடையுது, அந்த தடங்கல்லதான கைக்கு பலம் வருது? ஆப் கால் மணி நேரம்னா சிலேட்டு அர மணி நேரம் குடுங்க.

கேள்வி: சார், நான் பி.காம் ஃபைனல் இயர், கூடவே குரூப் ஃபோர் பிரிபேர் பண்றேன். எல்லா மெட்டீரியலும் பி.டி.எஃப்., புக்கு வாங்க காசு இல்ல. புக்குல படிச்சாதான் மண்டைல ஏறும்னு எங்க மாமா சொல்றாரு. நெஜமாவே வித்தியாசம் இருக்கா, இல்ல பெரியவங்க வழக்கமான பொலம்பலா?
— காலேஜ் ஸ்டூடன்ட், தஞ்சாவூர்

பதில்: இத்தன கேள்வியில எனக்கு ரொம்ப புடிச்சது உன் கேள்விதான் தம்பி, ஏன்னா நானும் ரொம்ப நாள் இது நம்ம பொலம்பல்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்.

2018ல ஒரு பெரிய கணக்கெடுப்பு வந்துச்சு, அது புதுசா பண்ண சோதனை இல்ல, 2000லேர்ந்து 2017 வரைக்கும் பேப்பர்ல படிக்கிறதையும் திரையில படிக்கிறதையும் ஒப்பிட்ட 54 ஆய்வ ஒண்ணா சேர்த்து பாத்தது, கலந்துக்கிட்டவங்க மொத்தம் 1,70,000 பேருக்கு மேல. அதுல பேப்பர்ல படிச்சவங்களுக்குதான் புரிதல் கூடுதலா இருந்துச்சு. ஆனா உங்க மாமா சொல்ற மாதிரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்ல, சின்ன வித்தியாசம். கதை மட்டும் படிச்சா வித்தியாசமே பெருசா தெரியல, அதனால ராத்திரி ஃபோன்ல நாவல் படிக்கிறவங்க படிச்சுக்கலாம். பாடம், தகவல், விளக்கம் இந்த மாதிரி விஷயத்துலதான் பேப்பர் ஜெயிச்சுது, அதுவும் இத்தன நிமிஷத்துல முடிக்கணும்னு நேரம் வச்சா இன்னும் ஜாஸ்தியா ஜெயிச்சுது. குரூப் ஃபோர் எந்த வகைன்னு நான் சொல்ல வேணாம். எனக்கு தூக்கி வாரிப் போட்டது இன்னொண்ணு, ஃபோனோட பொறந்து வளர்ற பிள்ளைங்க வர வர இந்த வித்தியாசம் கொறையும்னுதான எவனும் நெனப்பான், ஆனா வருஷம் போகப் போக அது கூடியிருக்கு.

ஏன்னு கேட்டா பல காரணம் சொல்றாங்க. ஒண்ணு, திரையில படிச்சவனுக்கு தனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சுங்குற நெனப்பு ஜாஸ்தி, அதனால சீக்கிரம் மூடிட்டு எந்திரிச்சுடுறான், டெஸ்ட் வச்சா மார்க் அந்த அளவு வர்றதில்ல. இன்னொண்ணு எடம். பரீட்ச ஹால்ல ஒக்காந்துட்டு 'அய்யோ அது எடது பக்கத்துல கீழ, ஒரு படத்துக்கு பக்கத்துல, நான் டீ சிந்தின எடத்துல இருந்துச்சே'ன்னு தேடிருக்கியா? அந்த ஞாபகத்துக்கு ஒரு வீட்டு விலாசம் இருக்கு. பி.டி.எஃப்.ல வெரலால தள்ளிட்டே போறப்ப விலாசம் இல்லாம ஓடுது. நார்வேல பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க 72 பேர வச்சு பண்ண ஒரு ஆய்வு 2013ல வந்துச்சு, அதுலயும் பேப்பர்ல படிச்ச பிள்ளைங்கதான் பி.டி.எஃப்.ல படிச்சவங்கள விட நல்லா பண்ணாங்க, அவங்களும் இந்த எட விஷயத்ததான் ஒரு காரணமா சொல்றாங்க.

காசு இல்லன்னு சொன்ன பாரு, அதுக்கு வருவோம். எல்லாத்தையும் பிரின்ட் எடுக்காத, தடுமாறுற பாடம் மட்டும் ரெண்டு பக்கமும் அடிச்சு ஸ்பைரல் போட்டுக்கோ. சமச்சீர் புக்கு ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் பக்கத்து வீட்டு பிள்ளைங்ககிட்ட பழசு கெடைக்கும், கேக்க வெக்கப்படாத, எடைக்கு போடப் போறதுதான். மத்தது பி.டி.எஃப்.லயே படி, ஆனா ஒரு பக்கம் முடிச்சதும் ஃபோன கவுத்து வச்சிட்டு ரஃப் நோட்ல என்ன படிச்சன்னு பாக்காம நாலு வரி எழுது. எழுத வரலன்னா படிக்கலன்னு அர்த்தம். அப்புறம் மாவட்ட மைய நூலகத்துல போட்டித் தேர்வு பிரிவுன்னு தனியா வச்சிருப்பாங்க, காலைல போனா ஃபேன் கீழ எடம் கெடைக்கும், பத்து மணிக்கு மேல போனா சுவர் ஓரம்தான்.

கேள்வி: ஓலைச்சுவடியிலேர்ந்து காகிதத்துக்கு மாறினப்பவும் உங்கள மாதிரி ஒருத்தர் இப்டிதான் அழுதுருப்பாரு. கரெக்டா?
— ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: கண்டிப்பா அழுதுருப்பாரு, அவர் எங்க ஆளுதான். ஆனா அவருக்கு அழுகைய நிறுத்த எவ்ளோ டைம் கெடச்சுது தெரியுமா? தமிழ் எழுத்துல கொல்லத்துல புஸ்தகம் அச்சானது 1578ல. பத்தொம்பதாம் நூற்றாண்டுலயும் திண்ணைப் பள்ளிக்கூடத்துல ஓலையும் எழுத்தாணியும் இருந்துச்சு. இந்த ஊர்க்காரங்க தாராளமா அச்சுக்கூடம் வைக்க வழி வந்ததே 1835க்கு அப்புறம்தான். முன்னூறு வருஷம் ரெண்டும் பக்கத்து பக்கத்துல கெடந்து, எது எதுக்கு ஒதவும்னு ஜனங்களே பாத்து தேர்ந்தெடுத்தாங்க. ஓலையில புள்ளி வச்சா கிழியும்னு வைக்காம விட்ருவாங்க, படிக்கிறவனே யூகிச்சுக்கணும், காகிதம் வந்து அந்த கஷ்டத்த தீர்த்துச்சு, அப்ப ஜனங்க மாறத்தான செய்வாங்க. ஐபேட் கடைக்கு வந்தது 2010, ஸ்வீடன் பாலர் பள்ளியில டிஜிட்டல் கட்டாயம் 2019. ஒம்போதே வருஷம், அந்தக் கொழந்தைங்களுக்கு என்ன கஷ்டம் இருந்துச்சு, அத இது எப்டி தீர்த்துச்சுன்னு எனக்கு யாராச்சும் சொன்னா நான் அழுகைய நிறுத்திடுறேன் தம்பி.

கேள்வி: எனக்கு பார்வை ரொம்ப கம்மி. ஃபோன் வந்தப்புறம்தான் நான் படிக்கவே ஆரம்பிச்சேன், எழுத்த பெருசு பண்ணிப்பேன், இல்லன்னா வாசிக்க வச்சு கேப்பேன். எல்லாரும் புக்கு புக்குன்னு சொல்றப்ப எங்கள மறந்துடுறீங்க.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: மறந்துதான் போனேன் ஐயா, மன்னிக்கணும். என் நூலகத்துக்கு ஒருத்தர் வருவாரு, பூதக்கண்ணாடி வச்சு ஒரு மணி நேரத்துல ரெண்டு பக்கம் படிப்பாரு, நான் பரிதாபப்பட்டதோட சரி. இன்னிக்கு அவர் கையில ஃபோன் இருந்துருந்தா என் அலமாரிய காலி பண்ணிருப்பாரு. ஸ்கூல்ல டேப்லெட்ட எடுக்குறேன்னு கெளம்புற யாரும் உங்க மாதிரி பிள்ளைங்க கையில இருக்குறத எடுத்துறக்கூடாது, அவ்ளோதான் சொல்ல முடியும்.

கேள்வி: புக்குன்னா பை வெயிட்டு? என் பையன் கூனிட்டே போறான்.
— ஒரு அப்பா, ஈரோடு

பதில்: பிள்ளையோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல பை இருக்கக்கூடாதுன்னு 2020 பள்ளிப் பை கொள்கையே சொல்லுது. இங்க 2012ல முப்பருவம் கொண்டு வந்தப்ப பெரிய புக்க மூணா பிரிச்சது இந்த சுமைக்காகவும்தான். ஒரு நாள் பைய தரையில கொட்டிப் பாருங்க, பாட புக்கு கம்மியாதான் இருக்கும், கைடு, டெஸ்ட் நோட்டு, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில், போன வாரத்து டிபன் பாக்ஸ் மூடி இதெல்லாம்தான் வெயிட்டு.

கேள்வி: ரிட்டயர்ட் ஆகி ரெண்டு வருஷமாச்சு, படிக்கணும்னு ஆசையா புக்கா வாங்கி அடுக்கிட்டேன், ஆனா மூணு பக்கம் தாண்ட மாட்டேங்குது, கை தானா ஃபோனுக்கு போகுது. வெக்கமா இருக்கு.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அண்ணாச்சி, புஸ்தகத்துக்கு நடுவுல வாழ்ந்த எனக்கே இதே கதிதான் ஆச்சு, வெளிய சொல்லிக்கல. ரிட்டயர்ட் ஆன மொத வருஷம் ஒரு புக்கு கூட முடிக்கல, பேரன் வேற 'தாத்தா உங்க ஸ்க்ரீன் டைம் ஆறு மணி நேரம்'னு காட்டிட்டான். திரும்பி வந்தது பெரிய புக்கால இல்ல, பழைய மாத இதழுங்களால, நாலு பக்க கட்டுரை, முடிச்சுட்டோம்னு ஒரு திருப்தி. காலைல டீக்கடை பெஞ்சுல பேப்பர், ஃபோன் வீட்ல. ஒரு மாசம் கழிச்சுதான் எரநூறு பக்கத்துல கை வச்சேன். அலமாரியில அடுக்குனத இப்போதைக்கு விட்ருங்க, அது உங்கள மொறச்சிட்டே இருக்கும். நூலகத்துல ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வாங்க, திருப்பி குடுக்கணும்ங்குற தேதி ஒண்ணு இருக்குல்ல, அது நல்லா வேல செய்யும். சந்தாவும் ஏற்கனவே நீங்க கட்டிட்டுதான் இருக்கீங்க, சொத்து வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ரூபாய்க்கு பத்து பைசா சேத்து வாங்கிருப்பாங்க.

கேள்வி: தாத்தா, நான் ஏழாங்கிளாஸ். எங்க ஸ்கூல்ல லைப்ரரி பீரோ இருக்கு, உள்ள கலர் கலரா புக்கு தெரியுது, ஆனா எப்பவும் பூட்டியே இருக்கு. சாவி யார்கிட்ட இருக்கும்?
— ஊர் பேர் எழுத மறந்துட்ட பாப்பா

பதில்: பாப்பா, சாவி அனேகமா ஹெச்.எம். ரூம்ல ஒரு ஆணியில தொங்கும். அவங்க கெட்டவங்க இல்ல, ஏன் பூட்டுறாங்கன்னு எனக்கு தெரியும், நானும் பூட்டுனவன்தான். ஒரு புக்கு தொலஞ்சா கணக்கு பாக்க வர்றவங்க என்கிட்டதான் கேப்பாங்க, சம்பளத்துல புடிப்பாங்கன்னு பயம். அதனால புக்க ஜோரா வச்சிருந்தேன், யாரும் தொடாம. நம்ம சீர்காழிக்காரர், நூலக அறிஞர் ரங்கநாதன் 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதின்னு ஒரு புக்கே போட்டாரு, மொத விதியே புக்கு பயன்படுத்தத்தான்னு சொல்லுது. அதே 1931ல மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில புக்க ஏத்தி ஊர் ஊரா கொண்டு போனாங்க, வண்டிக்கு கதவ வச்சு பூட்டிட்டா அனுப்பிச்சாங்க? மேல ஸ்வீடன் ஸ்வீடன்னு இவ்ளோ எழுதிருக்கேன்ல, அங்கயும் வெறும் புக்கு வாங்கினா பத்தாதுன்னு 2025 ஜூலைலேர்ந்து ஸ்கூல் லைப்ரரியில ஆள் இருக்கணும்னு சட்டம் போட்ருக்காங்க.

நீ தனியா போகாத, நாலஞ்சு பேரா போ. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போ, காலைல ஹெச்.எம். டென்ஷனா இருப்பாங்க. யார் எந்த புக்கு எடுத்தோம், என்னிக்கு திருப்பி குடுத்தோம்னு நாங்களே நோட்டு போட்டு எழுதிக்கிறோம் மிஸ்ஸுன்னு சொல்லு, கோடு போட்ட நோட்ட கையோட எடுத்துட்டு போ. சாவி கெடச்சா மொதல்ல என்ன புக்கு எடுத்தன்னு எனக்கு எழுது, இந்த தடவ ஊர் பேரோட.